வீட்டப் பாக்காத மருமகனே, மதிலப் பாரு

கண்டிக்கு மாத்தம் கெடச்சிருச்சாமே. ஒங்கம்மா தெல்தோட்ட பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு ஊருக்கே கேக்கப் போன்ல சொன்னா. நல்ல சேதி மருமகனே. வாத்தியாருக்கு டவுன் பள்ளிக்கூடம் கெடைக்கிறது லேசுப்பட்ட காரியமில்ல. எந்த மந்திரி வீட்டு வாசல்ல எத்தன நாள் நின்னனு நான் கேக்க மாட்டேன். ஆனா வீடு தேடுறேன்னு நீ காட்டுற படங்களப் பாத்ததும் சிரிப்ப அடக்க முடியல. தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் புதுப் பெயின்ட், ஜன்னலுக்கு வெளிய ஹந்தான மலை. "மாமா, வியூ இருக்கு"ங்கிற. இருக்கு. கண்டியில வியூ இல்லாத எடம் எங்க இருக்கு? கொஹாகொட குப்ப மேட்டுல ஏறி நின்னா அங்கேருந்தும் மகாவலி கண்ணுக்குக் குளிர்ச்சியாத்தான் தெரியும். அதுக்கு யாரும் வாடகை கூட்டி வாங்கலையே.

மலை தெரியுற வீடுன்னா சரிவுல நிக்கிற வீடு. சரிவுல வீடு கட்ட ஒரு பக்கம் மண்ண வெட்டணும், இன்னொரு பக்கம் மண்ணப் போட்டு நெரப்பணும். வெட்டுன பக்கம் எறங்கி வரப் பாக்கும், நெரப்புன பக்கம் ஒக்காரப் பாக்கும். ரெண்டுக்கும் நடுவுல நீ பிளேன்டீயக் குடிச்சுக்கிட்டு வியூ பாத்துக்கிட்டு இருப்ப.

வீட்டுக்காரர் முன்வாசல்ல நின்னு ஹோலக் காட்டுவாரு, குசினியக் காட்டுவாரு, பாத்ரூம் பைப்பத் தெறந்து சுடுதண்ணி வருதுனு கையப் புடிச்சு நனச்சும் காட்டுவாரு. நீ சிரிச்சுக்கிட்டே தலையாட்டு. அப்புறம் "ஐயா, துணி காயப்போட பின்னால எடம் இருக்கா"னு கேட்டு நழுவு. மதில் அங்கதான் இருக்கும். கல்லு வச்சுக் கட்டுன தாங்குமதில்ல அங்கங்க பைப்புத் துண்டு நீட்டிக்கிட்டு இருக்கணும். மண்ணுக்குள்ள ஊறுற மழத்தண்ணி அந்த வழியாத்தான் வெளிய வரணும். பைப்பே இல்லாத மதிலு, இல்லாட்டி இருந்த பைப்பயும் சீமெந்தால அடச்சு அழகா பெயின்ட் அடிச்ச மதிலு, வயித்துல தண்ணியக் கட்டி வச்சிருக்கு. மதில் நடுவுல வயிறு தள்ளியிருக்கா, விரல் நுழையிற வெடிப்பு இருக்கா, மேல நிக்கிற மரமோ லைட் போஸ்ட்டோ சாஞ்சிருக்கா, புதுசா ஊத்து கெளம்பிச் சேத்துத்தண்ணி ஓடுதா, பாரு. இருந்தா வாடகையப் பத்தி வாயே தொறக்காத. டீ குடுத்தா குடிச்சிட்டு வந்துரு.

இதுல மட்டும் கேலி இல்ல. 2020 செப்டம்பர் 20ஆந் தேதி விடியக்காலம் பூவெலிகடையில அஞ்சு மாடிக் கட்டடம் சரிஞ்சு மூணு உயிர் போச்சு, அதுல ஒண்ணு கைக்கொழந்த. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்போ கண்டி மாவட்டத்துல மலை எறங்கி வீட்டோட ஆளுகளப் பொதச்சதச் சொல்லவே தேவையில்ல, ஒங்க பக்கமே ரோடு அத்துக் கெடந்துச்சு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்னு ஒண்ணு இருக்கு. எந்த மலை சரியும், எது நிக்கும்னு அவங்க வரைபடம் போட்டு வச்சிருக்காங்க. வீடு எந்த நெறத்துக்குள்ள வருதுனு பிரதேச செயலகத்துலயாவது கிராம சேவகர்கிட்டயாவது கேட்டுக்க. மழக்காலத்துல மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புனு எச்சரிக்கை விடுவாங்க. 24 மணி நேரத்துல 75 மில்லிமீட்டர் பெஞ்சாலே கவனமா இருக்கணும்பாங்க. 75னா மூணு அங்குலம். மேலயும் கீழயும் ஒரே அகலமா உள்ள பால்மா டின் ஒண்ண முத்தத்துல வச்சு, பள்ளிக்கூட அடிமட்டத்த விட்டுப் பாரு. மூணு அங்குலம் நெறஞ்சிருந்தா அன்னிக்கு ராத்திரி சரிவில்லாத எடத்துல இருக்கிற மச்சான் வீட்டு ஞாபகம் வரணும். நீ வாத்தியார்தானே, அளக்கத் தெரியும்.

"அப்ப சமதரையாப் பாத்துக் குண்டசாலைக்கோ திகனைக்கோ போறேன் மாமா"ங்கிறியா? போ. தட்டையான காணி, அகலமான ரோடு, வாடகையும் டவுன விடக் கொறவு. 2020ல அந்தப் பக்கம் ஹாரகம, திகனனு நெலம் சின்னச் சின்னதா நடுங்குச்சு, அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளி விக்டோரியா நீர்த்தேக்கம். 1985ல அணையத் தெறந்து வச்சாங்க. அதுக்கு முன்னாலேயே பழைய தெல்தெனிய டவுன் தண்ணிக்குள்ள போயிருச்சு. கடைக்காரனுக்கும் வீட்டுக்காரனுக்கும் குடியிருந்தவனுக்கும் ஒரே நாள்ல நோட்டீஸ் குடுத்தது மகாவலி ஒண்ணுதான். கடும் வறட்சி வந்து தண்ணி எறங்குனா அந்தப் பழைய ஊரு இன்னும் தலகாட்டும். பாக்க நெறைய சனம் போகும். அங்கயும் வியூதான்.

சரி, வீடு பாக்கப் போற நேரம். நீ ஞாயித்துக்கெழம காலம்பர பத்து மணிக்குப் போற. வெயில் அடிக்குது, வீட்டுக்காரம்மா சாம்பிராணி போட்டு வச்சிருக்காங்க, சமையக்கட்டுல கறிவேப்பில மணக்குது. அந்த நேரத்துல லயக் காம்பராகூட மாளிகையாத்தான் தெரியும். ஒக்டோபர் மாசம் பின்னேரம் மூணு மணிக்குப் போ. கண்டியில மத்தியானத்துக்கு மேல இடி இடிச்சுக் கொட்டுற காலம் அது. மழ நிக்கிறதுக்குள்ள உள்ள போயி, அலுமாரிக்குப் பின்னால கைய வச்சுப் பாரு. புதுப் பெயின்ட் அடிச்ச சுவர்ல ஒரு மூலையில மட்டும் பெரிய காலண்டர் தொங்குனா அதத் தூக்கிப் பாரு. தை மாசத்துக் காலண்டர் ஐப்பசியில தொங்குதுன்னா பூஞ்சணம் அதுக்குப் பின்னால குடும்பம் நடத்துதுனு அர்த்தம்.

அப்புறம் குரங்கு. உடவத்தகெலே காட்டுக்குக் கிட்ட உள்ள வீடா? ஓட்டுக் கூரையா? வீட்டுக்காரர் "இந்தப் பக்கம் குரங்குத் தொல்லையே இல்ல"ம்பாரு. நீ கூரைய அண்ணாந்து பாரு. ஓட்டு மேல கல்லு, பழைய டயரு, முள்ளுக்கம்பினு ஒரு மளிகக்கடையே இருக்கும். ஓடு ஒடஞ்சா யாரு மாத்துறதுனு இப்பவே பேசிரு. குரங்கு உங்க ரெண்டு பேரோட தாளுலயும் கையெழுத்துப் போடாது. ஆனா தெனமும் வந்துட்டுப் போகும்.

தண்ணிக்கு வருவோம். டவுனுக்குள்ள மாநகர சபை தண்ணி. கெட்டம்பேயில மகாவலியில எடுத்துச் சுத்தம் பண்ணி ஏத்துறாங்க, துனுமடலாவ காட்டுக்குள்ளயும் ரெண்டு நீர்த்தேக்கம் இருக்கு. ஆனா தண்ணிக்கு மலை ஏறப் புடிக்காது. வீடு எவ்வளவு மேல இருக்கோ, பைப்பு அவ்வளவு மெலிசா அழும். விடியக்காலம் நாலு மணிக்கு வர்ற தண்ணியப் புடிச்சு டாங்கியில ஏத்த மோட்டர் இருக்கா, அந்த மோட்டருக்குக் கரண்ட் யாரு மீட்டர்ல ஓடுதுனு கேளு.

இந்த மீட்டர் இருக்கே, அதுல நின்னு பேசணும். ஏன்னா கண்டியில வீட்டுக்காரரும் குடியிருக்கிறவரும் சண்ட புடிக்கிறது வாடகைக்கு இல்ல, லைட் பில்லுக்கு. கீழ வீட்டுக்காரர், மேல நீ, பக்கத்து அனெக்ஸ்ல பேராதன கெம்பஸ் புள்ளைக. மூணு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர். "சப்மீட்டர் இருக்கு தம்பி, உங்க யூனிட்டுக்கு மட்டும் குடுங்க"ம்பாரு. நியாயமாத்தான் கேக்கும். லைட் பில் கணக்குல யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டோட வெலயும் படிப்படியா ஏறும். 180 யூனிட்டத் தாண்டுனா உச்சப் படி. நீ தனி மீட்டர்ல 70 யூனிட் பாவிச்சா கீழ்ப்படியில நிக்கிற ஆளு. மூணு பேரும் ஆளுக்கு 70 பாவிச்சா ஒரே மீட்டர்ல 210. இப்ப எல்லாரும் மொட்டமாடிக்கு ஏறிட்டீங்க. அந்த உச்சப்படிய யாரு தலையில வைக்கிறதுங்கிறதுதான் கேள்வி. வீட்டுக்காரர் கால்குலேட்டர எடுத்தாருன்னா அது ஒன் தலையிலதான் வந்து நிக்கும். மொத்தப் பில்ல மொத்த யூனிட்டால வகுத்து, வர்ற சராசரிக்கு ஆளுக்காளு குடுக்கிறதுனு எழுதி வாங்கு. மாசாமாசம் வர்ற பில்லக் கண்ணால காட்டணும்னும் எழுது. போடிங்ல இருக்கிற கெம்பஸ் புள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஒனக்கு முந்தியே தெரியும். ஹிந்தகல, மகாகந்த பக்கம் போடிங் அக்காமாரு அயன் பெட்டியக் கண்டாலே பொலிஸ் ஆகுறதப் பாத்திருக்கேன்.

தூரத்தப் பத்தி ஒரு வார்த்த. "கட்டுகஸ்தோட்டையிலேருந்து டவுனுக்கு நாலஞ்சு கிலோமீட்டர்தான்"னு புரோக்கர் சொல்லுவாரு. உண்மைதான். ஆனா காலம்பர ஏழு மணிக்கு அந்த நாலஞ்சு கிலோமீட்டர்ல டிரினிட்டி, தர்மராஜ, மகாமாயா, புனித அந்தோனியார்னு அத்தன பள்ளிக்கூடத்து வானும் சேந்து நிக்கும். பகல் ஒன்றரைக்கு அதே ஊர்வலம் திரும்பி வரும். ஒரு நாள் பஸ்ஸுல போய்ப் பாத்துட்டு வாடகையப் பேசு. மீட்டர்க் கணக்கப் பாத்தாப் போதாது, மணிக்கணக்கயும் பாக்கணும்.

பள்ளிக்கூடம்னதும் ஞாபகம் வருது. ஒம்மகளுக்கு என்னா வயசு? முதலாந் தரத்துக்கு இன்னும் நாலஞ்சு வருசம் இருக்கும்ல? இப்பவே முழிச்சுக்க. நல்ல பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டா, வீடு எவ்வளவு கிட்ட இருக்கு, அந்த அட்ரஸ்ல எத்தன வருசம் வாக்காளர் இடாப்புல பேரு இருக்கு, உறுதி இருக்கா, பதிஞ்ச குத்தகை இருக்கானு புள்ளி போடுவாங்க. இங்கதான் வீட்டுக்காரரு நழுவுவாரு. வாடகை வாங்க ஒன்ன வேணும், வாக்காளர் இடாப்புல மட்டும் நீ வேணாம். "பேரப் பதிஞ்சா வீட்ட உரிமை கேப்பாங்க"னு அவருக்கு ஒரு பயம். யாரோ தேத்தண்ணிக் கடையில சொன்னது. இடாப்புல பேரு இருந்தா ஓட்டுப் போடலாம், வீட்டுக்கு உறுதி எழுத முடியாதுனு பக்குவமாச் சொல்லு. பக்குவமாச் சொல்லியும் கேக்கலன்னா அந்த வீடு ஒனக்கு வெறும் கூரதான், அட்ரஸ் இல்ல.

அட்ரஸ் இல்லாம வாழுறது நமக்கொண்ணும் புதுசில்லதான். இந்த நாட்டுலயே மூத்த குடியிருப்புக்காரங்க யாருனு கேட்டா நம்ம பேரத்தான் சொல்லணும். 1867ல ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரையில ஜேம்ஸ் டெய்லர் தேயில போட்டாரு. அதுக்கும் முந்திக் கோப்பிக் காலத்துலேயே நம்ம பாட்டன் பூட்டன் வந்தாச்சு. பத்துக்குப் பன்னண்டு அடிக் காம்பரா, முன்னால ஒரு இஸ்தோப்பு, தண்ணிக்குப் பீலி. ஒப்பந்தத் தாளு கெடையாது, உறுதி கெடையாது, வாசலுக்கு நம்பர் கெடையாது. கடுதாசி தோட்டத்து ஒபீசுக்கு வரும். அங்கேருந்து எப்ப நம்ம கைக்கு வருங்கிறது கெளாக்கரோட மனசப் பொறுத்தது. வேல போனா வீடும் போச்சு. நூத்தம்பது வருசத்துக்கு மேல ஒரே வீட்டுல இருந்துட்டு, ஏழு பேர்ச்சுக் காணி குடுக்கப் போறாங்கங்கிற பேச்சக் கேட்டே நம்ம தல நரச்சுது. அந்த வம்சத்துல பொறந்த நீ, "வீட்டுக்காரர் நல்ல மனுசன் மாமா, எழுத்தெல்லாம் எதுக்கு"ன்னு என்கிட்டயே சொல்றியே.

எழுத்து எதுக்குனு கேட்டியே, மகுல் மடுவவப் போய்ப் பாரு. தலதா மாளிகைக்குப் பக்கத்துலதான், மரத்தூண் வச்ச மண்டபம். 1815 மார்ச் 2ஆந் தேதி கண்டி இராச்சியத்த வெள்ளக்காரன்கிட்ட ஒப்படைக்க அங்கதான் ஒப்பந்தம் வாசிச்சாங்க. மன்னரு ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நம்ம மதுரப் பக்கத்து நாயக்கர் வம்சம், பேரு கண்ணுசாமி, அதுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு வாரத்துக்கு முந்தியே புடிபட்டாச்சு. அவர வேலூர் கோட்டைக்கு வீடு மாத்தி அனுப்பிட்டாங்க. 1832ல அங்கேயே கண்ண மூடுனாரு. கண்டி வாவியக் கட்டுன மனுசன், அந்த வியூவ அதுக்கப்புறம் அவரால பாக்க முடியல. கையெழுத்துப் போட்ட பிரதானிகள்ல சில பேரு தமிழ் எழுத்துலயும் போட்டிருக்காங்க. உரிமையெல்லாம் அப்படியே இருக்கும்னு தாள்ல இருந்துச்சு. மூணு வருசம் போகல. 1817ல கலகம் வந்துச்சு, அத அடக்குன கையோட 1818 நவம்பர் 21ஆந் தேதி ஆளுநர் பிரவுன்ரிக் ஒரு பிரகடனம் விட்டாரு. பிரதானிமாரோட அதிகாரம் பாதிக்கு மேல போச்சு. வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரன் ஆனத அங்க போய்ப் படிச்சுக்க. ஒப்பந்தம் கையெழுத்தாகுறதுக்கு முன்னாலேயே வெள்ளக்காரன் கொடிய ஏத்திட்டான், வாரியப்பொல சுமங்கல தேரரு அத எறக்கி மிதிச்சாருனு கண்டியில சொல்லுவாங்க. அந்தச் சாமியாருக்கு வாடகச் சட்டம் தெரிஞ்சிருக்கு. கையெழுத்துக்கு முன்னால சாமான எறக்க விடக்கூடாது.

ஆனா தாளுன்னா எந்தத் தாளு? முத்திர ஒட்டி, நீயும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டு, மச்சான் சாட்சி போட்ட தாளா? 1840ஆம் வருசத்து 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம்னு ஒண்ணு இன்னும் உசுரோட இருக்கு. ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகைன்னா நொத்தாரிசு முன்னால, ரெண்டு சாட்சியோட எழுதணும்னு அது சொல்லுது. இல்லாட்டி "ரெண்டு வருசம்"னு தாள்ல இருக்கிறது வெறும் அலங்காரம். ரெண்டு வருசம் இருக்க விடுன்னு நீ கோட்டுல அந்தத் தாளக் காட்டி நிக்க முடியாது. நொத்தாரிசுக்குப் போற காச மிச்சம் புடிச்சு டீவி வாங்குனவங்கள எனக்குத் தெரியும். பலாக்காய் வெட்டுறதுக்கு முன்னால கையில எண்ணெ தடவிக்கிற மாதிரி, மனசு ஒட்டுறதுக்கு முன்னால எழுதிக்கணும். ஒட்டுனதுக்கப்புறம் எண்ணெ தேடுனா வீடு முழுக்கப் பாலுதான்.

அட்வான்ஸு. 1972ஆம் வருசத்து 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், அதுக்குள்ள வர்ற வீடுகளுக்கு மூணு மாச வாடகைக்கு மேல முற்பணம் வாங்கப்படாதுனு சொல்லுது. பின்னால வந்த திருத்தங்களால நெறைய வீடு அந்தச் சட்டத்துக்கு வெளிய போயிருச்சு. அதனால வீட்டுக்காரங்க ஒரு வருசம், ரெண்டு வருசம்னு வாயத் தெறக்கிறாங்க. நீ பாக்குற வீடு உள்ளயா வெளியயானு அதே நொத்தாரிசுகிட்டக் கேட்டுரு. சட்டத்துக்குள்ள இருக்கிற பழைய வீடுன்னா இன்னொரு சூட்சுமமும் இருக்கு. வீட்டுக்காரர் ஒன்ன வெளியேத்த நெனச்சு வாடகைய வாங்காம மொகத்தத் திருப்பிக்கிட்டாருன்னா, நீ சந்தோசப்பட்டு அந்தக் காசுல ஆட்டுக்கறி வாங்காத. மூணு மாசம் பாக்கினு கோட்டுக்குப் போகத்தான் அந்த மொகத் திருப்பல். நேராப் போயி மாநகர சபையில அதுக்குரிய அதிகாரிகிட்ட வாடகையக் கட்டி ரசீத வாங்கு. அந்தச் சட்டத்தப் புடிச்சுக்கிட்டே டவுனுல சில பேரு பாட்டன் காலத்து வாடகையில கடைய நடத்துறாங்க. வாடகைக்கு நோட்டு ஒண்ணு, அத எடுத்துக்கிட்டுப் போற பஸ் டிக்கெட்டுக்கு ரெண்டு.

வீட்டுக்காரங்க பக்கமும் சொல்லணும். இல்லாட்டி இந்தக் கெழவன் ஒரு கண்ண மூடிக்கிட்டான்ம்பாங்க. வாடகை தராத ஆளோட மல்லுக்கட்டி, கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டு, லைட்ட வெட்டி, சாமான ரோட்டுல வச்சா வீரம்னு நெனக்கிறவங்க இருக்காங்க. 1979ஆம் வருசத்து 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடமொறச் சட்டத்துல, பலவந்தமா வெளியேத்துன ரெண்டு மாசத்துக்குள்ள வழக்கு வந்தா, அந்த ஆளத் திரும்ப உள்ள வைக்கச் சொல்ல நீதவானுக்கு அதிகாரம் இருக்கு. ரோட்டுல வச்ச சோபாவ வச்சவங்களே தூக்கிக்கிட்டு மேல ஏறணும். அதுவும் மூணாம் மாடின்னா இடுப்பு போயிரும். ஒழுங்கா நொத்தாரிசு முன்னால எழுதிக் குடுத்திருந்தீங்கன்னா, 2023ஆம் வருசத்து 1ஆம் இலக்கச் சட்டத்துல மாவட்ட நீதிமன்றத்துல சுருக்கு வழி இருக்கு. தவண முடிஞ்சும் போகாத ஆள வெளிய அனுப்ப முந்தி மகன் காலம் வரைக்கும் வழக்கு ஓடும். ஆக நொத்தாரிசுக்குக் குடுக்காம மிச்சம் புடிக்கிற அந்தக் காசால நட்டம் ரெண்டு பக்கத்துக்கும்தான்.

கேள்வி கேக்குற வீட்டுக்காரங்களும் இருக்காங்க. சிங்கள வீட்டுக்காரம்மா "எத்தன பேரு"ம்பாங்க, சம்பளச் சிட்டையப் பாப்பாங்க. முஸ்லிம் முதலாளி குசினியில என்னா சமைப்பீங்கனு கேப்பாரு. நம்ம ஆளுக வீட்டுக்குப் போனாத்தான் பட்டியல் நீளம். என்னா ஊரு, தோட்டமா டவுனா, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, தாத்தா பேரு என்னா. தாத்தாவா குடி வரப்போறாரு? அவரு எங்கயோ தேயில மரத்துக்கு அடியில நிம்மதியாத் தூங்குறாரு. அவரு பேரக் கேட்டு அவங்க தேடுறது வேற ஒண்ணு. அதுக்குப் பதில் சொல்லாத. கேள்வி வீட்டச் சுத்திப் பாத்த நேரத்த விட நீண்டுக்கிட்டுப் போனா செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பு. ஒப்பந்தத்துல எழுத முடியாத நிபந்தன வச்சிருக்கிற வீடு அது.

குடி போற நாளு. ஆடியில போகப்படாதுனு ஒங்கம்மா குதிப்பா. கண்டியில அதுக்கு வேற காரணமே இருக்கு. அந்தச் சமயத்த ஒட்டித்தான் எசல பெரஹெர வரும். அஞ்சு நாள் கும்பல் பெரஹெர, அஞ்சு நாள் ரந்தோலி பெரஹெரனு ரோட்ட அடச்சுருவாங்க. ஒன் பட்டா லொறி கட்டுகலையிலேயே நின்னுரும். தலதா வீதி, டி.எஸ். சேனநாயக்க வீதி மாதிரி ஊர்வலம் போற ரோட்டுல முன்பக்கம் வராந்தா உள்ள வீடு எடுத்தியோ, இன்னும் கவனம். வருசம் முழுக்க ஒன் துணி காயுற வராந்தாதான். ஆனா யானை வர்ற அந்த ராத்திரியில அங்க கதிர போட்டு ஆளுக்கு இவ்வளவுனு வெளிநாட்டுக்காரங்கிட்ட வாங்கலாம். யாரு வாங்குறது? ஒப்பந்தத்துல ஒரு வரி. எழுதலன்னா வீட்டுக்காரர் அன்னிக்கு அந்தியில இருபது கதிரையோட வந்து ஒன் குசினிக்குள்ள வழி கேப்பாரு.

உள்ள போன அன்னிக்கே பால் பொங்க விடு. சிங்கள வீட்டுக்காரங்களுக்கும் அது புடிக்கும், அவங்களும் நேகத் பாத்துப் பால் பொங்க வைக்கிறவங்கதான். ஆனா பால் பொங்குறதுக்கு முந்தி போன எடுத்துச் சுவரெல்லாம் படம் புடி. ஒடஞ்ச கண்ணாடி, உரிஞ்ச டைல்ஸ், ஒழுகுற பைப்பு, மீட்டர்ல உள்ள நம்பரு, எல்லாத்தயும். அத அன்னிக்கே வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்புல அனுப்பிரு. மாமியா ஒடச்சா மண்சட்டி, மருமக ஒடச்சா பொன்சட்டிங்கிற சட்டம் அட்வான்ஸத் திருப்பிக் குடுக்கிற நாள்லதான் அமலுக்கு வரும்.

இவ்வளவும் கேட்டுக்கிட்டு ஏன் எந்திரிக்காம ஒக்காந்திருக்கனு எனக்குத் தெரியும். ஒங்கம்மா சொல்லி அனுப்பியிருப்பா. எம் மேல்மாடி இந்த மாசக் கடைசியில காலியாகுது. சொந்த மாமன், வாடகை கொறப்பான், எழுத்து வேணாம்பான்னு கணக்குப் போட்டுக்கிட்டு வந்திருக்க. குடுக்கிறேன். மூணு மாச அட்வான்ஸு, நொத்தாரிசுச் செலவு பாதிக்குப் பாதி, தண்ணி பில்லு பாதிக்குப் பாதி. வாக்காளர் இடாப்புல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரயும் போட்டுக்க, எனக்கொண்ணும் இல்ல. மொட்டமாடியில உள்ள கொய்யா மரத்துச் சாடியில கைவைக்கப்படாது. லைட்டுக்கு ஒரே மீட்டர்தான். அதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். என்னா, மொகம் மாறுது? எங்க போற? பின்பக்கமா? அங்க நாய் கட்டியிருக்கு மருமகனே, மழ வந்தப்புறம் பாக்கலாம், ஒக்காரு.